தேரிக்காட்டு அம்மனுக்கு ஒரு பெயர்

சாத்தான்குளத்துப் பலசரக்குக் கடைக் குடும்பத்தில் முனைவர் பட்டம் வரை படிக்கப் போனவள் பானுப்ரியா ஒருத்திதான். கடலோரத்துச் சிறுதெய்வங்கள் எந்தக் காலத்தில், என்ன நடந்து தெய்வங்களாயின என்பது அவளுடைய ஆய்வு. அதற்காகத்தான் தேரிக்காட்டுச் செம்மணலில், உடைமரத்தடியில் நட்டிருந்த அந்தக் கல்லைத் தேடிப் போனாள்.

கல்லுக்குப் பெயர் கிடையாது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், வாந்திபேதி கண்ட ஒரு பெண்ணைக் கரையோர முகாமிலிருந்து விரட்டிவிட்டார்களாம். இந்த மணலில் வந்து விழுந்து செத்தாளாம். அவ்வளவுதான் கதை. ஊரார் 'அந்தப் பிள்ளை' என்பார்கள். வருடா வருடம் நடக்கும் கொடை விழாவன்று பெண்கள் அழுது பாடும்போது மட்டும் 'மாசிலாமணியே' என்றொரு சொல் வரும். அது வெறும் கொஞ்சலாக இருக்கலாம், அவள் பெயராகவும் இருக்கலாம் என்று பானுப்ரியா ஆய்வேட்டில் எழுதினாள்.

கொடையை முன்னின்று நடத்துகிறவர் தூத்துக்குடியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ராஜதுரை. ஆய்வேட்டைக் கேட்டு வாங்கிப் படித்தவர், 'இருக்கலாம்' என்பதைக் கண்டுகொள்ளவில்லை. மறு வருடக் கொடைக்கு அவள் போனபோது கல்லைச் சுற்றி டைல்ஸ் பதித்திருந்தார்கள். வாசலில் வளைவு: அருள்மிகு மாசிலாமணி அம்மன்.

"அண்ணாச்சி, அது நான் ஊகமா எழுதுனது."

"ஊகமோ என்னமோ. இத்தன காலமா பேரில்லாம நின்னா. படிச்ச பிள்ள நீ ஒரு பேரக் கண்டு சொல்லிட்ட. சந்தோசப்படு தாயி."

உச்சிப்பொழுதில் ராஜதுரையின் தம்பி மனைவி செல்வலட்சுமிக்கு அருள் வந்தது. நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் அவள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே பானுப்ரியாவிடம் வந்து நின்றாள். பேசியது சின்னப் பெண்ணின் குரல்.

"ஏளா, என் பேரு அது இல்லளா."

சொல்லிக்கொண்டே பானுப்ரியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் அதச் சொல்லியே கூப்பிடுதாவ. கேட்டுக் கேட்டு எங்கம்மா வச்ச பேரு எனக்கே மறந்து போச்சு. நீ சொல்லு, என் பேரு என்ன?"

ராஜதுரை ஓடிவந்து திருநீறு பூசினார், மேளத்தை ஓங்கி அடிக்கச் சொன்னார். செல்வலட்சுமி துவண்டு விழுந்தாள். கண் விழித்த பிறகு கேட்டதற்கு, ஒன்றும் நினைவில்லை என்றாள்.

பட்டம் கிடைத்தது, தூத்துக்குடியிலேயே கல்லூரி வேலையும் கிடைத்தது. அந்தப் பெயர் வெறும் ஊகம்தான் என்று பானுப்ரியா தனியாக ஒரு கட்டுரை எழுதினாள். வளைவு அப்படியேதான் இருக்கிறது. ஊரில் இரண்டு பெண் குழந்தைகளுக்குக்கூட அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள்.

விடுமுறை நாட்களில் அவள் பேருந்து ஏறித் தேரிக்காட்டுக்குப் போகிறாள். ஆளில்லாத வெயிலில் கல்லருகே உட்கார்ந்து, அந்தக் காலத்துப் பெண்கள் வைத்துக்கொண்டிருந்த பெயர்களை மெல்லச் சொல்லிப் பார்க்கிறாள். பேச்சியம்மை. மூக்கம்மை. சந்தனமாரி. ஒவ்வொன்றுக்கும் பிறகு கொஞ்சம் நிறுத்திக் காது கொடுக்கிறாள்.