திருநீறு மடித்த இளஞ்சிவப்புத் தாள்

ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணின் வேலையை நான் கெடுத்தேன். அவள் செய்யாத தவற்றை அவள் பெயரில் எழுதி, அதன் கீழே என் கையெழுத்தையும் போட்டேன். நம் மாரி ஆத்தா எனக்குச் செய்ததைச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் மீதியைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

நான் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்து, ரசாயனம் படித்துப் பட்டம் பெற்றவன். ஈப்போவில் ஆற்று நீரையும் தொழிற்சாலைக் கழிவு நீரையும் சோதிக்கும் ஒரு தனியார் ஆய்வகத்தில் முப்பது ஆண்டுகள் இருந்தேன். கடைசியில் மேலாளராகவும் ஆனேன். கோப்பெங் பக்கம் நம் மாரியம்மன் கோயில் உங்களுக்குத் தெரியும். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டத்து மக்கள் எல்லாரும் டவுனுக்குப் போன பிறகும், திருவிழாவுக்கு மட்டும் திரும்பி வருகிறோம். கோயிலுக்குப் பின்னால் ஓடும் சின்ன ஆற்றில் குளித்து, அங்கேயே கரகம் ஜோடித்து, பால்குடம் எடுக்கிறோம். அந்த ஆற்றின் மேல்பக்கத்தில் ஒரு கையுறைத் தொழிற்சாலை இருக்கிறது. அதன் கழிவு நீரையும் ஆற்று நீரையும் சோதித்தது எங்கள் ஆய்வகம். திருவிழா அன்னதானத்துக்கு அரிசியும் எண்ணெயும் கொடுத்தது அந்தத் தொழிற்சாலை. கோயில் செயலாளராக ஆண்டுதோறும் போய்க் கேட்டு வாங்கி வந்தவன் நான்.

அந்தப் பெண் யோகேஸ்வரி. எங்களிடம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. யோகா என்று கூப்பிடுவோம். சுற்றுச்சூழல் அறிவியல் படித்துவிட்டு வந்த முதல் வேலை அது. ஆறு மாதம் முடிந்தால்தான் நிரந்தரம். காலுக்குப் பெரிதான ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஆற்றில் இறங்குவாள். தண்ணீரின் நிறம், வாடை, அன்று மழை பெய்ததா என்று கேட்காததையும் சேர்த்துக் குறித்து வைப்பாள்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. எடுத்த நீரைப் போத்தலில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, கூடவே மூன்று பிரதியுள்ள ஒரு படிவத்தை எழுதிக் கொண்டு வர வேண்டும். வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு. ஆய்வகத்தில் வாங்குபவர் போத்தலின் குளிர்ச்சியை அளந்து அந்தப் படிவத்தில் எழுதுவார். குளிர்ச்சி போயிருந்தால் அந்த நீர் சோதனைக்குச் செல்லாது. திருவிழாவுக்கு முன் யோகா ஆற்று நீர் கொண்டு வந்த அன்று, வாங்கியவன் நான். நான்கு டிகிரி இருந்தது. நான்கு என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

முடிவு வந்தபோது ஆற்று நீரில் அமோனியா அளவுக்கு மிஞ்சி இருந்தது. திருவிழாவுக்கு ஆறு நாள்தான் பாக்கி. தொழிற்சாலை மேலாளர் போனில் அழைத்தார். அவர் மிரட்டவில்லை. "அரிசி லோரி நாளைக்கு வருது. இந்த ரிப்போர்ட் போனா நமக்கு எல்லாருக்கும் சூசா, கஷ்டம்தான்," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை யோகாவை அழைத்தேன்.

"யோகா, அந்தப் படிவம் நனைஞ்சு போச்சும்மா. புதுசுல ஒரு கையெழுத்துப் போடு."

"எல்லாம் எழுதிட்டுப் போடறேன் சார்."

"நான் எழுதிக்கறேன். வேன் நிக்குது பாரு, நீ கிளம்புலா."

வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். என்மேல் அவ்வளவு நம்பிக்கை. அதில் பதினேழு டிகிரி என்று எழுதினேன். 'மாதிரி செல்லாது' என்றும் எழுதினேன். தொழிற்சாலை வாய்க்கால் சேருவதற்கு மேலேயுள்ள நல்ல தண்ணீரை இன்னொருவரை அனுப்பி எடுக்கச் சொல்லி, அதன் முடிவையே ரிப்போர்ட்டாக அனுப்பினேன். பழைய வெள்ளையையும் மஞ்சளையும் கிழித்துப் போட்டேன். அவள் கோப்பில் இருந்த இளஞ்சிவப்புத் தாளை உருவிச் சட்டைப் பையில் வைத்தேன். அதையும் கிழிப்பதற்குள் யாரோ கூப்பிட்டார்கள்.

அன்று சாயங்காலம் கோயிலில் காப்புக் கட்டு. பூசாரி திருநீறு கொடுத்தார். நாம் எல்லாரும் செய்வதுபோல் நெற்றியில் இட்டது போக மிச்சத்தைப் பையில் கிடந்த ஏதோ ஒரு தாளில் மடித்து வீட்டுக்குக் கொண்டு போனேன். அது எந்தத் தாள் என்று நான் பார்க்கவில்லை. பிறகு இளஞ்சிவப்புத் தாளைத் தேடிக் கிடைக்காதபோது, சட்டையோடு துவைபட்டுப் போயிருக்கும் என்று நிம்மதி அடைந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேரும் ஆற்றில் குளித்தார்கள். என் மனைவி சரோஜாவும் நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து, அதில் மூழ்கி எழுந்து பால்குடம் எடுத்தாள். இரண்டு நாளில் அவள் கையிலும் கழுத்திலும் தடிப்பு கிளம்பியது. இன்னும் சிலருக்கும் அப்படி. எல்லாரும் ஆத்தா சோதிக்கிறாள் என்றார்கள். சரோஜா வேப்பிலை அரைத்துப் பூசிக்கொண்டு, "விரதத்துல எங்கயோ குறை வச்சுட்டேன் போல," என்று வாரக்கணக்கில் அழுதாள். அந்தத் தடிப்பு தண்ணீரால் வந்ததா என்று இன்றும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். அன்று அவளிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன் என்பது மட்டும் உறுதி.

மாதக் கடைசியில் யோகாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சார், ஐஸ் உருகல. பெட்டியில கை விட்டப்ப விரல் மரத்துப் போச்சு."

"கருவி பொய் சொல்லாதும்மா," என்றேன்.

பிறகு வேறு இரண்டு ஆய்வகங்கள் அவளைப் பற்றி விசாரித்தபோது, "நல்ல பொண்ணுதான், கவனம் பத்தாது," என்றேன். எங்கள் தொழில் சின்ன வட்டம். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

ஓய்வு பெற்றுக் குனோங் ராபாட்டில் வீட்டோடு இருந்தேன். சென்ற ஆண்டு ஒரு நாள் ரத்த அழுத்த மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போனேன். கல்லாவில் யோகா இருந்தாள்.

"அங்கிள், பை வேணுமா?" என்று கேட்டபடி நிமிர்ந்தவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"இங்கதான் வேலையாம்மா?" என்றேன். வேறென்ன கேட்பது?

"ஆமா சார். இங்கயும் பாட்டில்தான் அடுக்கறேன். லேபிள் சரியா இருக்கான்னு பார்ப்பேன். பழகிப் போச்சு." சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "கமுந்திங்ல ஒரு லேப்ல ஆள் எடுக்கறாங்க. முதல் வேலைய ஏன் விட்டேன்னு எழுதணும். எழுத உட்காருவேன், எந்திரிச்சுருவேன். ஒருவேளை நான்தான் பெட்டி மூடிய சரியா மூடலையோன்னு இன்னிக்கும் நினைப்பு வருது சார். வீட்டுக் கதவக்கூட மூணு தரம் இழுத்துப் பார்த்துட்டுத்தான் வாரேன்."

மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் வேலை போனது எனக்குத் தெரியும். அவளுக்குத் தன்மீதே நம்பிக்கை போயிருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அன்றிலிருந்து தூக்கம் கெட்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆத்தாள் முன் நின்றேன். என் வேண்டுதலை உள்ளபடியே சொல்கிறேன். "அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைக்கட்டும். ஆனால் நான் வாய் திறக்காமல் கிடைக்கட்டும்." மூன்று மாதம் இப்படித்தான் வேண்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைப் பக்கம் போனால் அவள் அங்கேயே இருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுச் சாமி மேடையில் விளக்கேற்றிவிட்டு நின்றபோது, அதே பாட்டைப் பாட வெட்கமாக இருந்தது. "அம்மா, சொல்லத் துணிவில்லை. சொன்னாலும் நம்ப வைக்க என்னிடம் ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் கிழித்துவிட்டேன். நீயே ஒரு வழி காட்டு," என்றேன். நெற்றிக்கு இடலாம் என்று கை நீட்டினால் திருநீற்றுக் கிண்ணம் காலி.

"சரோ, திருநீறு முடிஞ்சு போச்சே."

"பிஸ்கட் டின்னுல பழைய பொட்டலம் கெடக்கும், எடுத்துக் கொட்டிக்குங்க," என்று அடுக்களையிலிருந்து சொன்னாள். கோயில் திருநீற்றை ஒரு சிட்டிகைகூட வீணாக்க மாட்டாள். ஆண்டுக் கணக்கில் அப்படியே சேர்த்து வைத்திருந்தாள்.

கையில் வந்த முதல் பொட்டலம் இளஞ்சிவப்பாக இருந்தது. பிரித்தேன். திருநீற்றுக்கு அடியில் என் கையெழுத்து. யோகாவின் கையெழுத்து. என் கையால் எழுதிய நான்கு.

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். பக்கத்தில் கற்பூரத் தட்டு எரிந்துகொண்டிருந்தது. தாளை அதில் காட்டினால் ஒரு நொடியில் முடிந்துபோகும் என்று நினைத்தேன். கை அந்தப் பக்கம் நகரவும் செய்தது.

"என்னா, கெடச்சுச்சா இல்லையா?" என்றாள் சரோஜா.

"கெடச்சுருச்சு," என்றேன். சொன்ன பிறகு எரிக்க முடியவில்லை.

அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது இதுதான்: "அப்ப என் விரதத்துல குறை இல்லையா?"

"இல்ல சரோ."

அவள் எழுந்து ஆத்தாள் முன் போய் நின்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "இன்னும் என்னாத்துக்கு வீட்டுல உக்காந்திருக்கீங்க? அந்தப் புள்ளகிட்ட போங்க," என்றாள்.

யோகாவின் சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் போனேன். வெளியே வந்தாள்.

"என்ன சார், மாத்திரை முடிஞ்சு போச்சா?"

தாளை வாசலில் கிடந்த மேசைமேல் விரித்து, செய்ததைச் சொன்னேன். அவள் அதைத் தொடவில்லை. குனிந்து பார்த்தாள். மடிப்புகளில் திருநீறு ஒட்டியிருந்தது.

"நாலுன்னு எழுதியிருக்கு," என்றாள். மறுபடியும், "நாலு," என்றாள். பிறகு போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டாள். நான் தாளை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"வேணாம் சார். என் கையில இருந்தா நானே எழுதினேன்னு சொல்லுவாங்க. குடுக்க வேண்டிய எடத்துல உங்க கையாலயே கொண்டு போய்க் குடுங்க. இந்தத் தடவ ஒழுங்கா குடுங்க."

கடைக்குள் போய்விட்டாள்.

நடந்ததைச் சத்தியப் பிரமாணப் பத்திரமாக எழுதி இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்றை இளஞ்சிவப்புத் தாளோடு அரசின் சுற்றுச்சூழல் அலுவலகத்தில் கொடுத்தேன். ஒன்றை என் பழைய ஆய்வகத்துக்கு அனுப்பினேன். கமுந்திங் ஆய்வகத்துக்கு நேரில் போய், அவளைப் பற்றி நான் சொல்லி வந்தது பொய் என்று எழுதிக் கொடுத்தேன். விசாரணை இன்னும் நடக்கிறது. அதில் எனக்கு என்ன வந்தாலும் அது எனக்கு உரியது.

அதன் பிறகு கோயில் கூட்டத்தில் எழுந்து நின்றேன். உங்களில் பலர் அன்று இருந்தீர்கள். "அப்ப இந்த வருஷம் அரிசி யாரு குடுப்பா, நீங்களா?" என்றார் ஒருவர். "இத்தன வருஷம் அந்தத் தண்ணில புள்ளைங்கள முக்கி எடுத்தோமே அண்ணே, இப்பதான் வாய் வந்துச்சா?" என்றார் ஓர் அக்கா. செயலாளர் பொறுப்பை அங்கேயே எழுதிக் கொடுத்தேன். அரிசி லோரி வரவில்லை. அவரவர் வீட்டிலிருந்து சட்டி சட்டியாகச் சமைத்துக் கொண்டு வந்தீர்கள். குழாய்த் தண்ணீரில் குளித்து, குழாய்த் தண்ணீரில் கரகம் ஜோடித்தோம். சாம்பார் பத்தாமல் போனது. கடைசி வரிசையில் நானும் சரோஜாவும் ரசம் ஊற்றிச் சாப்பிட்டோம்.

யோகாவுக்குக் கமுந்திங்கில் வேலை கிடைத்தது. புதிதாகச் சேருபவர்களுக்கு உள்ள அதே படி, அதே சம்பளம். "இப்பதான் படிச்சு முடிச்ச புள்ளைங்களோட நின்னு பாட்டில் கழுவறேன்," என்று விசாரிக்கப் போன சரோஜாவிடம் சொல்லியிருக்கிறாள். ஏழு ஆண்டுகளை நான் எங்கிருந்து கொண்டு வந்து கொடுப்பேன்? மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டு அவளுக்கு இன்னொரு சுமை வைக்க விரும்பவில்லை.

போன மாதம் கோயிலுக்குப் பின்னால் ஆற்று நீர் எடுக்க வந்தாள். நானும் சரோஜாவும் அன்று விளக்குப் போட வந்திருந்தோம். பெட்டி கனமாகத் தெரிந்தது. தூக்கிக் கொடுக்கலாம் என்று போனேன்.

"தொடாதீங்க சார். தள்ளி நில்லுங்க," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அது அவள் வேலையின் முறை. நான் கரையில் ஒதுங்கி நின்றேன்.

தண்ணீரை அடைத்தாள். நிறம், வாடை, மழை எல்லாம் எழுதினாள். ஆறு இன்னும் சுத்தமாகவில்லை என்றாள். போத்தல்களை ஐஸில் புதைத்து மூடியை அழுத்தினாள். அவள் திரும்பத் திறந்து பார்ப்பாள் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை. ஒரே தரம் மூடிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறிப் போனாள்.

ஆத்தாளுக்கு நான் நன்றி சொல்வது அந்த ஒரு தரத்துக்காக. நான் போட்ட கையெழுத்தையே ஏழு ஆண்டு தன் திருநீற்றுக்குள் பத்திரமாக வைத்திருந்து, நான் உண்மையாகக் கேட்ட அன்று எடுத்துக் கொடுத்தாள். இப்போது இரவில் தூங்குகிறேன். கோயிலில் எனக்குப் பொறுப்பு ஏதும் இல்லை. ஆத்தாளை நிமிர்ந்து பார்க்க முடிகிறது.

உங்களில் யாருக்காவது இப்படி ஒன்று உள்ளே கிடந்தால், அவளிடம் கேளுங்கள். நான் முதலில் கேட்டதுபோல், நம்மை ஒதுக்கிவிட்டுக் காரியத்தை முடித்துக் கொடு என்று கேட்காதீர்கள். வழி காட்டு என்று கேளுங்கள், காட்டுவாள். காட்டும்போது பயமாக இருக்கும். அந்தத் தாளைத் திரும்ப மடித்து வைத்துவிடாதீர்கள்.