வளையக்காரரின் வலது கை

ரயில் நிலையத்தில் அப்பாவை எல்லோரும் ‘வளையக்காரர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒற்றைத் தண்டவாளம். எதிரில் வேறு வண்டி இல்லை என்பதற்கு அத்தாட்சியாக ஓர் இரும்பு உருண்டையைத் தோல்பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டித் தருவார் ஸ்டேஷன் மாஸ்டர். ஓடும் வண்டியின் டிரைவரிடம் அதை நீட்டுவது அப்பாவின் வேலை. வளையம் கைக்கு வராவிட்டால் டிரைவர் வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும். இருபத்தாறு வருடத்தில் ஒருமுறைகூட அப்படி நின்றதில்லை. அந்தக் கைதான் என்னைப் பட்டம் வரை படிக்க வைத்தது.

“எனக்கு ஒரு டம்ளர் தண்ணி எடுத்து நீட்டினதில்ல. ரயிலைக் கண்டா மட்டும் கை தானா நீளுது” என்பாள் அம்மா.

முதலில் சரக்குக் கொட்டகையைப் பூட்டினார்கள். பிறகு டீக்கடை போனது. கடைசியில், மதிய வண்டியும் இனி நிற்காது என்ற அறிவிப்பை அப்பாவே பசை தடவி ஒட்டினார்.

மறுவாரம் அம்மாவுக்கு வயிற்றுவலி. அன்று பஸ் வேலைநிறுத்தம்; டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக மதிய வண்டிதான் ஒரே வழி. பக்கத்து வீட்டு அக்கா அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பிளாட்பார பெஞ்சில் படுக்க வைத்தாள். நான் கல்லூரி விடுதியில் இருந்தேன். மற்றதெல்லாம் அந்த அக்கா சொன்னதுதான்.

ஸ்டேஷன் மாஸ்டர் போனை வைத்துவிட்டு வெளியே வந்தார். “மேலதிகாரிங்ககிட்ட கெஞ்சிப் பாத்துட்டேன்யா, நிறுத்தக் கூடாதுன்னுட்டாங்க. ஆனா வளையம் கை தவறிடுச்சுன்னா வண்டி தானா நிக்கும். உன் மேல நான் எதையும் எழுத மாட்டேன். புரியுதா?”

“புரியுதுங்க சார்.”

வண்டி சத்தம் கேட்டது.

“அண்ணே, கையை இறக்குங்க!” என்று அக்கா கத்தினாள்.

அப்பாவின் வலது கை எழுந்தது. எப்போதும் போலத் தோள் உயரத்தில், நடுக்கமில்லாமல். டிரைவர் வளையத்தைப் பிடித்துக்கொண்டு போயே போய்விட்டார். கடைசிப் பெட்டி தாண்டிய பிறகுதான் அப்பா தன் வெறுங்கையைப் பார்த்தாராம்.

பால் வேன் ஒன்றைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. குடல்வால் வெடித்திருந்தது. மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாள். அதுவரை அப்பாவைத் திட்டவேயில்லை. “விடுங்க, பழகின கை” என்றாளாம்.

இரண்டே வருடத்தில் மின்சார சிக்னல் வந்தது, வளையம் போனது, நிலையத்துக்கே பூட்டு விழுந்தது. வீட்டில் இப்போது அப்பாதான் டீ போடுகிறார். டம்ளரை எனக்கு இடது கையால்தான் நீட்டுகிறார். நானும் அப்படியே வாங்கிக்கொள்கிறேன்.