ஃப்ரிட்ஜ் கதவில் இரண்டு பட்டியல்கள்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. அவர் மச்சினனுக்கோ சாப்பாட்டை நினைத்தாலே இடுப்பில் ஏறிவிடும். இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒரே ஜிம்முக்குப் போனார்கள். உடற்கட்டுப் போட்டி ஒன்றுக்கு ஒரே நாளில் பெயரும் கொடுத்தார்கள். "மாமன் எலும்புக்கு மேல சதை தேடுறாரு, மச்சான் சதைக்குள்ள எலும்பைத் தேடுறான்" என்று ஜிம் முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

மெக்கானிக்குக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. ஒரு நாளில் பாதி நேரம் கட்டடத்தின் அடியில் குழிக்குள் இருப்பார், மீதி நேரம் மொட்டைமாடி மோட்டார் அறையில். மச்சினன் அவர் மனைவியின் ஒரே தம்பி, அவரைவிட ஏழு வயது சின்னவன். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவான். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போன பிறகு அக்கா வீடே அவன் வீடாகிவிட்டது.

சாப்பாட்டுப் பட்டியல் எழுதுவது மெக்கானிக்தான். அவருக்கு அதில் ஒரு பித்து. உடம்பு ஒரு நாளைக்கு எவ்வளவு எரிக்கிறதோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டால்தான் தசை ஏறும். கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டால்தான் கொழுப்பு இறங்கும். ஆனால் கோழியும் முட்டையும் இருவருக்குமே குறையக் கூடாது, குறைந்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரைந்துவிடும் என்று மனைவிக்கு விளக்குவார். எழுதிய இரண்டு தாள்களையும் ஃப்ரிட்ஜ் கதவில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார். அவருடைய தாளில் ஆறு வேளை: ஓட்ஸ், பால், வாழைப்பழம், ஐந்து முட்டை, மலை போலச் சோறு, கோழி, வேர்க்கடலை. மச்சினன் தாளில் நாலு வேளை: முட்டையின் வெள்ளை, தோல் உரித்த கோழி, வெள்ளரிக்காய், ஒரு கைப்பிடிச் சோறு.

மனைவி பாதி நாள் நூலகத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து, சின்னத் தராசில் இரண்டு பேருக்கும் நிறுத்து வைப்பாள். "ஒருத்தருக்குத் திணிக்கணும், இன்னொருத்தன்கிட்டருந்து பிடுங்கணும். இது வீடா, ஆஸ்பத்திரியா?" என்று அலுத்துக்கொள்வாள். ஆனாலும் ஒரு கிராம் தப்பாது.

மச்சினன் தன் தட்டை நாலு வாயில் முடித்துவிடுவான். முடித்த பிறகும் எழுந்திருக்க மாட்டான். எதிர் நாற்காலியில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பான். மெக்கானிக்குக்குக் கூச்சமாக இருக்கும். உள்ளே போய் டிவி பாரேன் என்பார்.

"நீங்க சாப்பிடுங்க மாமா. பாத்துக்கிட்டே இருந்தா எனக்குப் பாதி வயிறு ரொம்பிடும்."

முதல் பத்து வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மச்சினன் வாரத்துக்கு அரைக் கிலோ வீதம் எண்பதிலிருந்து எழுபத்தைந்துக்கு இறங்கினான். மெக்கானிக் அறுபத்தெட்டிலிருந்து எழுபத்து நாலுக்கு ஏறினார். அதோடு மச்சினனின் எடை அங்கேயே ஆணி அடித்தது போல நின்றுவிட்டது. போட்டிக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

எழுபத்தைந்து கிலோப் பிரிவிலேயே அவன் தாராளமாக நின்றிருக்கலாம். ஆனால் அந்தப் பிரிவில் மெக்கானிக் நிற்கிறார். "நாம ரெண்டு பேரும் ஒரே மேடையில மோதிக்கிட்டா அக்கா யாருக்குக் கை தட்டும்?" என்று சிரித்துவிட்டு, எழுபது கிலோப் பிரிவுக்கு இறங்கப் போவதாகச் சொன்னான். ஐந்து வாரத்தில் ஐந்து கிலோ அதிகம் என்பது மெக்கானிக்குக்குத் தெரியும். நீ இங்கேயே நில்லு, நான் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்கிறேன் என்ற வார்த்தை அவர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பதினைந்து வருஷமாக ஒல்லிப்பிச்சான் என்று பெயர் வாங்கியவருக்கு அப்போதுதான் சட்டைக் கை இறுகத் தொடங்கியிருந்தது. அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. பேனாவை எடுத்து மச்சினனின் பட்டியலில் சோற்றை அடித்தார்.

அடுத்த வாரம் எண்ணெயை அடித்தார். அதற்கடுத்த வாரம் ஒரு வேளையையே அடித்தார். மச்சினனின் கன்னம் ஒட்டியது. உச்சி வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு குளிருகிறது என்றான். கடையில் லென்ஸ் இரண்டு முறை கை தவறி உடைந்தது. அக்காவிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தான், பிறகு வந்து மன்னிப்பும் கேட்டான். கடைசி வாரம் எடை எழுபத்திரண்டு. மீதி இரண்டு கிலோவை உடம்புத் தண்ணீரை வடித்தே இறக்குவதற்காக உப்பு நின்றது. தண்ணீர் குறைந்து குறைந்து கடைசியில் அதுவும் நின்றது. சிறுநீர் பிரிவதற்கென்று ஜிம்மில் யாரோ கொடுத்த மாத்திரையை அவன் போட்டுக்கொண்டது மெக்கானிக்குக்குத் தெரியும். ஊரில் எல்லாரும் செய்கிறதுதானே என்று அவர் கேட்காமல் இருந்துவிட்டார்.

போட்டிக்கு எடை பார்ப்பதற்கு முந்தைய நாள் காலையில் அவன் கெண்டைக்கால் இரண்டும் இழுத்துக்கொண்டன. படுக்கையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். மெக்கானிக் காலை நீவி விட்டார்.

"இது இப்படித்தான் இருக்கும், மாப்ள. நாளைக்கு எடை பாத்துட்டா எல்லாம் சரியாயிடும்."

அவன் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனான். மத்தியானம் சாப்பாட்டு வேளைக்கு வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போனான். மூன்று மணிக்கு லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் பக்கத்தில் விழுந்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ரத்தத்தில் உப்புச் சத்துகள் நிலை குலைந்து இதயத் துடிப்பு தவறிவிட்டது என்றார் டாக்டர். அவன் எழுபதுக்குக் கீழே வந்தானா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. மெக்கானிக்குக்கு அந்தக் கேள்வி வந்ததும், வந்ததே என்று தன் மேலேயே அருவருப்பு உண்டானது.

மறுநாள் வீடு நிறைய உறவுக்காரர்கள். நாலு மணிக்கு மெக்கானிக்கின் செல்போன் அலறியது. சோறும் கோழியும் சாப்பிட வேண்டிய நேரம். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதை நிறுத்தப் போனவர் பழக்க தோஷத்தில் ஃப்ரிட்ஜைத் திறந்துவிட்டார். அன்றைக்கென்று முன்கூட்டியே நிறுத்து வைத்த மச்சினனின் மூன்று டப்பாக்கள் அடுக்கு மாறாமல் உள்ளே இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் எந்த வேளை என்று மனைவியின் கையெழுத்து. அவர் கதவை மூடவும் முடியாமல் திறந்து வைக்கவும் முடியாமல் நின்றுகொண்டிருந்தார்.

ஒரு வாரம் கழித்துக் கண்ணாடிக் கடைக்காரர் அவன் பொருள்களைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் கண் பரிசோதனைச் சீட்டு ஒன்று இருந்தது. அதன் பின்பக்கம், போட்டி முடிந்ததும் சாப்பிட வேண்டியவற்றை மச்சினன் வரிசையாக எழுதி வைத்திருந்தான். வெண்ணெய் தடவிய ரொட்டி, ஐஸ்கிரீம், வறுத்த உருளைக்கிழங்கு, அக்கா செய்கிற பாயசம், மறுபடி ஐஸ்கிரீம். மொத்தம் இருபத்திரண்டு. மனைவி அதைப் படித்துவிட்டு மடித்துப் பீரோவில் வைத்தாள். அழவில்லை.

அதற்குப் பிறகுதான் மெக்கானிக்குக்குச் சோறு இறங்காமல் போனது. தட்டின் முன்னால் உட்கார்ந்தால் எதிர் நாற்காலியில் ஆள் இருப்பது தெரியும். நிமிர்ந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. குனிந்ததும் திரும்ப வந்துவிடும். கோபமான பார்வையாக இருந்திருந்தால் தாங்கியிருப்பார். அது கோபமே இல்லாத, பழைய, பிரியமான பார்வை. நீங்க சாப்பிடுங்க மாமா. இரண்டாவது வாயிலேயே தொண்டை அடைத்துக்கொள்ளும். நாற்காலியைத் தூக்கி மாடிப்படிக்குக் கீழே போட்டார். அப்போது நாற்காலி இருந்த இடத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான்.

வேலையிலும் அது விடவில்லை. லிஃப்டுக்குள் மூன்று பக்கமும் கண்ணாடி இருக்கும். பலகையைக் கழற்றி வயரைப் பிரித்துக்கொண்டிருக்கையில், கண்ணாடியில் தெரிகிற தன் முதுகுக்குப் பின்னால் மச்சினனின் ஸ்வெட்டர் தெரியும். குழிக்குள் இறங்கினால் காலைப் பிடித்துக்கொண்டு முனகுகிற சத்தம் கேட்கும். இரும்புக் கயிறு அசைகிற சத்தம்தான் அது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் வேலையைப் பாதியில் விட்டு ஏறி வந்த நாள்கள் உண்டு.

நாலு மாதத்தில் அவர் உடம்பு வற்றியது. வயிற்றில் கட்டம் கட்டமாகத் தசை எழுந்தது, தோளில் நரம்பு ஓடியது. வீட்டில் இருக்கப் பிடிக்காமல் ஜிம்முக்குப் போய் நிற்பார். அங்கே ஆளாளுக்குப் பாராட்டினார்கள். என்ன சாப்பிடுகிறீர்கள், எங்களுக்கும் ஒரு பட்டியல் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஜிம் முதலாளி அவரைப் பிடித்துத் தராசில் ஏற்றினார். அறுபத்தொன்பது கிலோ அறுநூறு கிராம்.

"இந்த வருஷம் எழுபதுல நில்லுங்க. கண்ணை மூடிக்கிட்டு ஜெயிப்பீங்க" என்றார் முதலாளி, நல்லெண்ணத்தோடுதான்.

மெக்கானிக் தராசை விட்டு இறங்க முடியாமல் நின்றார். பிறகு சட்டையைக் கூடச் சரியாக மாட்டாமல் வீட்டுக்கு நடந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை, மத்தியான நேரம். மனைவி மேஜையில் தட்டை வைத்தாள். அதில் இருந்தவை முட்டையின் வெள்ளை, வெள்ளரிக்காய், நாலு துண்டு கோழி. அவர் ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்தார். அவருடைய தாள் எப்போதோ விழுந்துவிட்டிருந்தது. மச்சினனின் கடைசித் தாள் மட்டும் இருந்தது. நாலு மாதமாக, எது தொண்டையில் இறங்குகிறதோ அதை மட்டும் கேட்டுக் கேட்டு, அந்தத் தாளில் இருப்பதைத்தான் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளும் ஒன்றும் சொல்லாமல் அதையே நிறுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஏன் இதையே குடுக்குற?" என்று கேட்டார்.

"நீங்க கேக்குறதைத்தான் குடுக்குறேன்" என்றாள். கொஞ்ச நேரம் மேஜையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். "அன்னிக்கு மத்தியானம் வந்தான்ல. அரை டம்ளர் தண்ணி கேட்டான்."

மெக்கானிக் தட்டைத் தள்ளி வைத்தார்.

"நான் கதவைப் பாத்தேன். தண்ணி கூடாதுன்னு உங்க கையெழுத்துல இருந்துச்சு. அடியில ரெண்டு கோடு வேற போட்டிருந்தீங்க. குடுக்க மாட்டேன்டான்னேன். சும்மா கேட்டேன்க்கான்னு சிரிச்சிட்டுப் போய்ட்டான்."

நாலு மாதமாக அவள் இதை வைத்துக்கொண்டு அந்தச் சமையலறையில் நின்றிருக்கிறாள். கோடு போட்டது நான், உன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று அவர் சொன்னார். அது அவள் காதில் ஏறவில்லை. பிறகு அவரும் சொன்னார்: கால் இழுத்தது, நீவி விட்டது, மாத்திரை, எழுபத்தைந்து கிலோப் பிரிவில் அவனை நிற்கச் சொல்லாமல் விழுங்கிய வார்த்தை. அதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. அவள் மன்னிக்கவும் இல்லை, சபிக்கவும் இல்லை. இதையெல்லாம் முன்னாடியே சொல்லியிருக்கலாம் என்று மட்டும் சொன்னாள். பிறகு எழுந்து போய்ச் சோறு வைத்தாள். இந்த முறை தராசை எடுக்கவில்லை. இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் சாப்பிட்டார்கள். சாயங்காலம் வரை அந்தத் தட்டுகளை யாரும் கழுவவில்லை.

மெக்கானிக் தேறி வர ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்தது. மேடை ஏறுகிற எண்ணத்தை விட்டார், ஜிம்மை விடவில்லை. பட்டியல் கேட்டு வருகிறவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். மெல்ல இறங்குங்கள், எந்தப் பிரிவுக்கு உடம்பு வருகிறதோ அந்தப் பிரிவில் நில்லுங்கள், தண்ணீரில் மட்டும் கை வைக்காதீர்கள் என்பார். கேட்டவர்கள் உண்டு. கேட்காதவர்களும் உண்டு. பார்வை மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. எப்போதாவது, நன்றாகப் பசித்துச் சாப்பிடுகிற நாளில் வரும். வந்தால் வாயில் இருப்பதை விழுங்கிவிட்டுக் காத்திருப்பார். அது போனதும் மறுபடி சாப்பிடுவார்.

மூன்றாவது வருஷம் ஒரு போட்டியில் எடை பார்க்கும் இடத்துக்கு உதவிக்குப் போயிருந்தார். வரிசைக்குப் பின்னால் சுவரோரமாக ஒரு மனிதர் பிளாஸ்டிக் பையால் உடம்பைச் சுற்றிக்கொண்டு, ஒரு கப்பில் துப்பிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும், தபால் ஆபீஸில் வேலையாம். முந்நூறு கிராம் இறங்க வேண்டும். ஒன்றரை நாளாகத் தண்ணீர் இல்லை. கெண்டைக்காலை நீவிக்கொண்டே பேசினார்.

மெக்கானிக் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பாட்டிலைத் திறந்து நீட்டினார். வேண்டாம் என்றார் அந்த மனிதர். மேல் பிரிவுக்கு மாற்றித் தருகிறேன், நானே பேசுகிறேன் என்றார் மெக்கானிக். அதற்கும் அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். கடைசியில் மெக்கானிக், மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லாத கதையை அந்த முன்பின் தெரியாத ஆளிடம் முழுக்கச் சொன்னார். அந்த மனிதர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். சொல்லி முடித்ததும் கப்பில் ஒரு தடவை துப்பிவிட்டு, "எனக்கு ஒண்ணும் ஆகாதுங்க" என்றார்.

அப்படியே ஒன்றும் ஆகவில்லை. எடையில் தேறினார், தண்ணீர் குடித்தார், மறுநாள் மேடையில் இரண்டாம் இடம் வாங்கினார். பதக்கத்தோடு மெக்கானிக்கைத் தேடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். மெக்கானிக்கும் சிரித்தபடி குலுக்கினார். பிறகு வெளியே போய், நிறுத்தியிருந்த வண்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, அந்த மனிதர் பிழைத்ததற்கு ஆத்திரப்பட்டு அழுதார். ஆத்திரம் அடங்கியதும் வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார், ஆத்திரத்தையும் சேர்த்து. அவள் மடித்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அவருக்கு அக்கா இருக்காங்களா?" என்றாள்.

கேட்கவில்லை என்றார் மெக்கானிக்.