பிரேக்கில் விட்ட இரண்டு சொட்டு

சோப்புத் தொழிற்சாலையில் அவருக்கு ஆயில்கேன் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. சோப்பை அச்சில் அழுத்தும் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு அவர்தான் ஃபிட்டர். எந்த இயந்திரம் முனகினாலும் மூக்கு நீண்ட எண்ணெய்க் குப்பியோடு ஓடிப் போய் நிற்பார். வீட்டிலும் இதே கூத்துதான். கதவுக் கீல், மின்விசிறி, தையல் மெஷின் எதுவும் வாயைத் திறக்கக் கூடாது. "இந்த வீட்டுல சத்தம் போடுற உரிமை இவருக்கு மட்டும்தான்" என்பாள் மனைவி.

தெரியாது என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது. ஒருமுறை பக்கத்து வீட்டு ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டுத் திரும்பப் பூட்டத் தெரியாமல் திருதிருவென்று விழித்தார். அப்போதும், "இதைச் செஞ்சவனே தப்பாத்தான் செஞ்சிருக்கான்" என்றுதான் சொன்னார். சிரித்துவிட்டுப் போகக்கூடிய குணம்தான். அது ஒருநாள் அவர் குடியையே கெடுக்கும் என்று யார் கண்டார்கள்?

ஒரே மகள். சொந்தச் சம்பளத்தில் மலைச் சைக்கிள் ஒன்று வாங்கி, ஆடு ஏறத் தயங்கும் சரிவில் தலைதெறிக்க இறங்குவாள். பெரிய அணி ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள், போகிறேன் என்று அவள் சொன்னதும் அவர் குதித்தார். "கையைக் காலை உடைச்சுக்கிட்டு வந்தா யாரு பாக்குறது? இந்த வீட்டுல இருந்து நீ எப்படிப் போறேன்னு பாத்துடுறேன்!" என்று தெருவே கேட்கக் கத்தினார். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. அவளுக்குச் சொல்ல வேண்டியதை அவர் மனைவியிடம் சொல்வார், அவளும் அப்படியே. மூன்று பேரும் ஒரே மேசையில்தான் சாப்பிட்டார்கள்.

கோபம் அவருக்குச் சோப்பு நுரை மாதிரி, சீக்கிரம் அடங்கிவிடும். இறங்கி வந்து பேசத்தான் தெரியாது. அணித் தேர்வுக்கு முந்தின நாள் மாலை மகள் சைக்கிளில் வந்து வாசலில் நின்றபோது பின் பிரேக் கிறீச்சென்று கத்தியது. அவருக்குச் சுருக்கென்றது. ஊர் மெஷினுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவன் பெண்ணின் வண்டி இப்படி அலறுவதா? மகள் குளிக்கப் போன நேரம் பார்த்துக் குனிந்து ஆராய்ந்தார். சக்கரத்தின் நடுவில் மெல்லிய இரும்புத் தகடு. அதைக் கவ்விப் பிடிக்க ஒரு கிடுக்கி. அதற்குள் இரண்டு பக்கமும் சின்னச் சின்னப் பிஸ்டன். அட, நம்ம பிரஸ்ஸின் குட்டித் தம்பி! பிஸ்டன் காய்ந்து இறுகிவிட்டது, அதுதான் கத்துகிறது என்று முடிவு கட்டினார். முன்னால் இரண்டு சொட்டு, பின்னால் இரண்டு சொட்டு விட்டார். உருட்டிப் பிடித்துப் பார்த்தார். சத்தம் போய்விட்டது. நாளைக்குத் தானாகவே புரிந்துகொள்வாள், அப்பா செய்த வேலை என்று. அன்று அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் வேனில் ஏற்றும்போது மகள் பிரேக்கை அழுத்திப் பார்த்தாள். கைப்பிடி கல்லு மாதிரி உறுதியாக இருந்தது. இருக்கத்தான் செய்யும். பிஸ்டனைத் தள்ளும், குழாய்க்குள் இருக்கும் எண்ணெய் சரியாகத்தான் இருந்தது. வெளியே விட்ட எண்ணெய்தான் தகட்டை அழுத்தும் பிரேக் கட்டைகளில் ஊறி, தகட்டில் வழுக்கியது. முதல் சரிவில் இரண்டு பிரேக்கையும் முழுக்கப் பிடித்தும் வண்டி நிற்கவில்லை.

தோள் எலும்பு முறிந்து, கையைக் கழுத்தோடு தூளி கட்டிக்கொண்டு வந்து நின்றாள். அணியில் வேறு யாரோ சேர்ந்துவிட்டார்கள்.

"பிரேக்ல எண்ணெய் விட்டது யாருப்பா?"

"நான்தான்."

"பிரேக்ல எண்ணெய் படக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? முப்பது வருஷமா ஃபிட்டரு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல் போதும். ஆனால் 'உங்களுக்குத் தெரியாதா' என்று அவள் இரண்டாம் தரம் கேட்டபோது அவருக்குள் இருந்த ஃபிட்டர் அப்பனை முந்திக்கொண்டான்.

"எனக்கா தெரியாது? தெரிஞ்சுதான் விட்டேன். நீ போகக் கூடாதுன்னுதான் விட்டேன்!"

"என்னங்க இது, உளறாதீங்க" என்று மனைவி பதறினாள். மகள் திரும்பி உள்ளே போனாள். தோள் தேறியதும் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். அவர் வீம்புக்குச் சொன்னது என்று தாய் எத்தனையோ முறை போனில் சொல்லிப் பார்த்தாள். "நீ அவருக்குப் பரிஞ்சு பேசாதம்மா" என்பதே பதில்.

சைக்கிள் பின்கட்டில் நின்றது. ஓய்வு பெற்ற பிறகு அவர் சைக்கிள் கடைக்குப் போய், தன் வயதில் பாதிகூட இல்லாத கடைக்காரரிடம், "எனக்கு இது தெரியாது, சொல்லிக் குடுங்க" என்றார். சொல்வது அத்தனை சுலபமாக இருந்தது. அதை நினைத்து அன்று வீட்டுக்கு வந்து அழுதார். எண்ணெய் குடித்த கட்டைகளைத் தூக்கிப் போட்டுப் புதிது மாட்டினார். தகட்டை ஸ்பிரிட்டால் துடைத்தார். கிடுக்கியின் இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, பிரேக்கைப் பிடித்தபடியே இறுக்கி, தகடு நடுவில் ஓடும்படி வைத்தார். ஊசி போடும் சிரிஞ்சால் புது எண்ணெய் ஏற்றிக் குழாய்க் காற்றை வெளியேற்றினார். யாரும் ஓட்டாத வண்டிக்கு அடிக்கடி இந்தப் பணிவிடை நடந்தது.

சில ஆண்டுகள் கழித்து மகள் வந்தாள். சாதாரணமாகவே பேசினாள். சைக்கிளை வெளியே உருட்டி, பிரேக்கைப் பிடித்துப் பார்த்து, "பிரமாதமா இருக்கே! எந்தக் கடையிலப்பா குடுத்தீங்க?" என்றாள்.

"நான்தான் பாத்தேன்." "பாப்பா, அன்னிக்கு... எனக்கு நிஜமாவே தெரியாதும்மா. சத்தம் நிக்கட்டும்னுதான் விட்டேன்."

அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். வயசானவர்களிடம் சிரிக்கும் சிரிப்பு.

"விடுங்கப்பா. உங்களை எவ்வளவோ திட்டியிருக்கேன். ஆனா செஞ்சதை மழுப்பாம மூஞ்சிக்கு நேரா ஒத்துக்கிட்டீங்க பாருங்க, எங்கப்பா பொய் மட்டும் சொல்ல மாட்டார்னு புரிஞ்சுது. அதை வச்சுத்தான் உங்களை மன்னிச்சேன். இப்ப இப்படிச் சொல்லி அதையும் கெடுத்துடாதீங்க."

"சரிம்மா" என்றார் அவர்.

அவள் ஏறி மிதித்தாள். தெரு முனையில் பிரேக் பிடித்தாள். வண்டி பிடித்த இடத்தில் நின்றது. சத்தமே வரவில்லை.