நாலு எழுத்தைச் சேர்த்த நிப்றாஸ்

சாய்ந்தமருதில் சமீப காலத்தில் கலியாணம் முடித்த மணப்பெண் எவருக்கும் முகத்தில் பரு கிடையாது. வீடியோவைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். அதற்குக் காரணம் நிப்றாஸ். கலியாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது அவருடைய தொழில். பருவை அழிப்பார், மாப்பிள்ளையின் வியர்வையை எடுப்பார், பந்தியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் சாச்சாவைக் காணாமலே ஆக்கிவிடுவார். பின்னணி இசையையும் கீபோர்டில் தானே வாசித்துப் போடுவார். குறை சொல்லி வீடியோவைத் திருப்பிக் கொண்டுவந்த ஆள் ஊரில் இல்லை. அந்தப் பெருமை மனுசனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது என்பேன்.

அவருடைய மூத்த சகோதரி முஸ்பிறா ராத்தாவின் மகள் ஹுஸ்னியா. பதினைந்து வயது. தலசீமியா நோயோடு பிறந்தவள். மாதந்தோறும் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் ஏற்றிக்கொண்டு வருவாள். ஊசி அவளுக்குப் பழகிவிட்டது, ஊர் வாய்தான் பழகவில்லை. பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, அதுதான் இரத்தம் இல்லை என்று காண்கிறவர்களெல்லாம் சொன்னார்கள். முருங்கை இலை, பேரீச்சம்பழம், ஈரல் என்று ஆளுக்கொரு வைத்தியம். தாய் சமைத்துப் போடுவதில்லையோ என்று முஸ்பிறாவையும் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். ஏற்றிய இரத்தத்தால் அவள் உடம்பில் இரும்புச்சத்து ஏற்கெனவே கூடிக் கிடக்கிறது என்பதை யாருக்கு விளங்கப்படுத்துவது?

கொழும்பிலிருந்து மரபணுப் பரிசோதனை முடிவு வந்தபோதுதான் ஹுஸ்னியாவுக்கு ஒரு பிடி கிடைத்தது. இரத்தத்தின் சிவப்பை உண்டாக்கும் மரபணுவில் நான்கு எழுத்துகள் விடுபட்டிருந்தன. உடம்பு அந்த எழுத்துகளை மும்மூன்றாகத்தான் வாசிக்கும். நான்கு குறைந்தால் பிறகு வருவதெல்லாம் இடம் மாறிக் குழம்பி, கொஞ்சத் தூரத்தில் வாசிப்பே நின்றுவிடும். இதையெல்லாம் யூடியூப்பில் பார்த்துப் படித்துக்கொண்டு மாமாவிடம் வந்தாள்.

“மாமா, இத மியூசிக்கா மாத்தலாம். வெளிநாட்டுல செய்றாங்க. மூணு எழுத்துக்கு ஒரு நோட். ரெத்ததான முகாம்ல போடுவம். பிழை வாற இடம் வரக்குள்ள நான் கையத் தூக்கிக் காட்டுறன். தின்னாம வந்த வருத்தம் இல்ல எண்டு சனத்துக்குக் காதாலயாவது விளங்கட்டும்.”

“ஓம் மகள், செஞ்சி தாறன்” என்றார் நிப்றாஸ்.

மனசு வைத்துத்தான் வேலை செய்தார். குறையில்லாத மரபணுவின் சரியான வாசிப்பு காதுக்கு இதமாக வரும்படி சுரங்களைப் பிரித்துக் கொடுத்தார், புல்லாங்குழல் ஓசையைத் தெரிந்தெடுத்தார். பிறகு ஹுஸ்னியாவின் எழுத்துகளை ஓடவிட்டார். தொடக்கம் மிக அழகாக இருந்தது. நான்கு எழுத்துகள் விடுபட்ட இடம் வந்ததும் சுரங்கள் கண்டபடி துள்ளின. பாதிக்குக்கூடப் போகாமல் பாட்டு பட்டென்று நின்றது.

திரும்பவும் போட்டுக் கேட்டார். இப்படி ஒன்றை மேடையில் போட்டால் நிப்றாஸுக்குக் கை பழுது என்றல்லவா சொல்வார்கள்? தன் மருமகளின் பாட்டு இடையில் நிற்பதும் அவருக்குப் பொறுக்கவில்லை. பருவை அழித்துப் பழகிய கை அந்த நான்கு எழுத்துகளையும் எடுத்து உள்ளே போட்டது. பாட்டு கடைசிவரை தெளிவாக ஓடியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கை தூக்கும் விசயம் ஞாபகம் வராமல் இல்லை. எங்கேயாவது ஓரிடத்தில் தூக்கட்டும், யாருக்கு விளங்கப்போகிறது என்று அவளிடம் சொல்லாமலே விட்டுவிட்டார்.

முகாம் நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. ஹுஸ்னியா மேடையில் கதிரையில் அமர்ந்து ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

“இது என்ட ரெத்தத்துட பாட்டு. ஒரு இடத்துல குழம்பி நிண்டுரும். அங்க நான் கையத் தூக்குவன், பாருங்க.”

பாட்டு தொடங்கியது. அவள் வலக்கையை மடியிலிருந்து சற்று உயர்த்தி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சனமும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. புல்லாங்குழல் குழம்பவும் இல்லை, நிற்கவும் இல்லை. ஒரு தடவை அவள் திரும்பி நிப்றாஸைப் பார்த்தாள். ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற அவர் வயரைக் குனிந்து பார்த்தார். நிறுத்த ஒரு விரல் போதும். அந்த விரல் அசையவில்லை. பாட்டு அழகாக முடிந்தது, சனம் கை தட்டியது. தூக்காத கையால் ஹுஸ்னியா தன் தலை ஸ்காபைச் சரி செய்துகொண்டாள்.

மாதர் சங்கத்து மைமூனா மேடைக்கே ஏறிவந்து அவள் கன்னத்தைத் தடவினார்.

“மாஷா அல்லாஹ், எவ்வளவு வடிவா ஓடுது உன்ட ரெத்தம். ஒரு பிழையும் இல்ல மகள். இனியாவது ஒழுங்காத் தின்னு, என்ன?”

பக்கத்தில் நின்ற முஸ்பிறா முந்தானையை இழுத்து முகத்தை மறைத்தார். நிப்றாஸுக்கு அது கேட்டது. உண்மையைச் சொல்ல வாய் திறக்கும் முன் இரண்டு பேர் வந்து கை கொடுத்தார்கள். ஒருவர் தன் மகளின் கலியாண வீடியோவுக்கு இதே பாட்டைக் கேட்டார். நிப்றாஸ் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்து அவர் இன்றைக்கும் கூசிப்போகிறார். கூசட்டும்.

மூவரும் ஓட்டோவில் திரும்பினார்கள்.

“மாமா, அது ஆர்ட ரெத்தம்?” என்று ஹுஸ்னியா கேட்டாள்.

நிப்றாஸுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

“உன்ட எழுத்த அப்பிடியே போட்டா கேக்க நல்லா இல்ல மகள். இடையில நிண்டதும் எனக்குப் பொறுக்கல்ல. அந்த நாலு எழுத்தயும் நான் போட்டுட்டன்.”

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“போட ஏலும் எண்டா, எனக்குள்ளதானே மாமா போட்டிருக்கணும்?”