மாமனார் சொன்ன தங்கம்

பரிசம் போட்ட அன்று சபையில் என் மாமனார் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "மாப்பிள்ளைக்குத் தங்க வாட்ச் ஒண்ணு போடுதேன்."

அவருக்கு ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். பட்டாளத்தில் டிரைவராக இருந்தவர். வேலை முடிந்து ஊர் திரும்பும்போது அவருடைய ஆபீசர் தன் கையில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தாராம். அதைத்தான் எனக்குக் கட்டினார். சாவி கொடுக்கிற வாட்ச். அது எண்பத்து மூன்றாம் வருடமாக இருக்கும், இல்லை நாலு.

எனக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. பஞ்சு பறக்கிற இடத்துக்கு அதைக் கட்டிப் போக முடியாது. விசேஷத்துக்கு மட்டும் கட்டுவேன்.

அதன் நிறம் நம் நகை மாதிரி இல்லை. கொஞ்சம் வெளிறி, சிவப்படித்து இருக்கும். என் அக்கா பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கு அது பொறுக்கவில்லை. உரைத்துப் பார்க்கச் சொல்லி அவள் நச்சரித்தது தாங்காமல் அவளோடு பத்தரிடம் போனேன். பத்தர் அவள் மோதிரத்தை உரைகல்லில் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் வாட்ச் விளிம்பை ஒரு கோடு. மேலே ஆசிட் விட்டார். மோதிரக் கோடு நின்றது. வாட்ச் கோடு மங்கிவிட்டது.

"இது நம்ம தங்கம் இல்லப்பா" என்றார்.

மகளுக்குக் காது குத்தினோம். பந்தியில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது அக்கா மாமனாரைப் பார்த்துக் கேட்டாள்.

"என்ன சம்மந்தகாரரே, வாட்ச்சுக்கு மஞ்சத் தேச்சுக் குடுத்துட்டீகளாமே?"

பந்தி முழுக்கச் சிரித்தது. மாமனாரும் சிரித்தார். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவர் என் வீட்டில் கை நனைக்கவில்லை. பேத்தியைப் பார்க்க வருவார். கூடத்தில் செத்த நேரம் உட்காருவார். என் கையைப் பார்ப்பார். "பஸ் போயிரும், வாரேன்" என்று கிளம்பிவிடுவார். அந்த ஊருக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ். அவர் தொடாத காப்பியை என் வீட்டுக்காரி எடுத்துக்கொண்டு போய் அடுப்படியில் நின்று குடிப்பாள். என்னிடம் எதுவும் கேட்டதில்லை. ஏழெட்டு வருடம் இப்படிப் போனது.

மகள் ஆறாவது படிக்கும்போது வாட்ச் நின்றுவிட்டது. ராஜபாளையத்தில் எல்லாரும் பேட்டரி வாட்சுக்கு மாறியிருந்தார்கள். பழசைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பாய் இருக்கிறார் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். ஒரு ஆள் உட்காரும் பெட்டிக்கடை.

பாய் பின்மூடியைத் திறந்தார். கண்ணில் லென்ஸைச் செருகிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"யாரு குடுத்தது?"

"மாமனார்."

"குடுத்துவச்ச ஆளுதான் நீரு. பதினெட்டு கேரட்டு."

பத்தரிடம் உரைத்த கதையைச் சொன்னேன். பாய் சிரித்தார்.

"நம்ம ஆளுகளுக்கு இருபத்திரண்டுதான் தங்கம். அதுக்குன்னு வச்சிருக்க ஆசிட ஊத்துனா பதினெட்டு மங்கத்தான் செய்யும். இருபத்திரண்டுல வாட்ச் செஞ்சா நசுங்கிப் போகும்வே. வெளிநாட்டுக்காரன் செய்ய மாட்டான். நீரே பாரும்."

லென்ஸைக் கொடுத்தார். மூடியின் உள்பக்கம் பதினெட்டு என்று எண். அதன் கிட்டே கசகசா அளவில் ஒரு பொம்பளைத் தலை, அச்சுக் குத்தியது. வாட்ச் செய்த நாட்டுச் சர்க்கார் முத்திரையாம். மெஷினை வெளியே எடுத்து வைத்தார். வெறும் கூட்டைப் பக்கத்து நகைக்கடைத் தராசில் போட்டு வந்தார். ஒரு பவுனுக்கு மேலேயே நின்றதாம்.

"விக்கப் போறீரா?"

"இல்ல."

"பொறவு எதுக்கு இம்புட்டு விசாரணை?"

"ஒருத்தர்கிட்டச் சொல்லணும்."

எண்ணெய் விட்டு ஓட வைத்துக் கொடுத்தார். கட்டிக்கொண்டு நடந்தேன்.

மாமனார் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை நீட்டிக் காட்டினேன்.

"மாமா, இது தங்கந்தான். பாய் முத்திரையே காட்டிட்டாரு."

துணியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"ஆபீசர் தங்கம்னாரு மாப்ள. அத நம்பித்தான் சபையில சொன்னேன். உங்க அக்கா கேட்ட பொறவு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. பொய் சொல்லிப் பொண்ணக் குடுத்துட்டமோன்னு."

"அன்னைக்கு நான் வாயத் தெறக்கல. அதுக்குத்தான் வந்தேன்" என்றேன்.

அவர் உள்ளே போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். "வாங்க, போவோம்" என்றார்.

ராஜபாளையத்தில் இறங்கியதும் அக்கா வீட்டு வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னேன். அவள் கதவைச் சாத்திவிட்டு எங்கள் பின்னாலேயே வந்தாள். இலை போட்டதும் ரசச் சட்டியை என் வீட்டுக்காரி கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"சம்மந்தகாரரே, இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?"

"ஊத்து தாயி."

இரண்டாம் தடவை சோறு வாங்கினார். என் வீட்டுக்காரி கதவுப் பக்கம் நின்று அவர் சாப்பிடுவதைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"ஏம்ப்பா, பஸ் போயிராதா?"

"போனாப் போவுது. பத்து நிமிசத்துக்கு ஒண்ணு வருதுல்லட்டி" என்றார்.