சுபேதார் வேண்டாமென்ற டீ

ஏலகிரி அடிவாரத்தில் கன்னியப்பன் பிறந்த வீட்டை இன்னும் மிட்டாதார் வீடு என்கிறார்கள். ஊருக்கே வரி வசூலித்த பரம்பரையில் மிஞ்சியவை ஒரு தேக்குக் கதவு, திருவிழாவில் முதல் மரியாதை, யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத வாய். பட்டாளத்தில் சேர்ந்தார். அங்கேயும் கேட்கும் வேலை இல்லை. முதலில் சொன்னதைச் செய்தார், பிறகு சொல்லிச் செய்ய வைத்தார். சுபேதாராக ஓய்வு பெற்று வந்து, ஊராட்சித் தலைவர் தேர்தலில் நின்றார். ஜெயிக்க வேண்டுமென்று வெறியாக இருந்தார். காலனி ஓட்டு இல்லாமல் அது நடக்காது.

சுவரொட்டியில் ‘உருக்கு உடம்பு, உறுதியான நெஞ்சு’ என்று போட்டிருந்தார்கள். அந்த உடம்புக்குச் சர்க்கரை நோய் இருப்பது மனைவி எழிலரசிக்கு மட்டும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலனிக்குப் போனார். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் ஜாஸ்மின் டீ கொண்டுவந்தாள்.

“வேணாம்மா. இப்பதான் குடிச்சேன்.”

ஜாஸ்மினின் புருஷன் ஜோசுவா டம்ளரை வாங்கித் தானே குடித்தான்.

“மிட்டா வூட்டுக்காரங்க எப்பவுமே இப்பதான் குடிச்சிருப்பாங்க. எங்க தாத்தா காலத்துலயும் அப்டிதான்.”

ஓட்டுக் கேட்கக் கூட வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரொட்டியைப் பார்த்தார்கள்.

வீட்டில் எழிலரசி தலையில் அடித்துக்கொண்டாள். “சுகர்னு சொல்லித் தொலைச்சா இன்னாங்க?”

“சொன்னா போஸ்டரப் பாத்து சிரிப்பானுங்க.”

“இப்ப ஜாதி பாக்குறாருன்னு பேசிக்கிறாங்களே, அது பரவால்லியா?”

“பட்டாளத்துல எல்லாரோடயும் ஒரே தட்டுல தின்னவன்டி நான்!”

“அது பட்டாளம்” என்றாள்.

மறுநாள் சாயங்காலம், கம்பெனி வேன் ஜாஸ்மினை இறக்கிவிட்ட நேரத்தில் மறுபடி போனார். உத்தரவு போடும் குரலிலேயே உண்மையைச் சொன்னார்.

“எனக்கு சுகர் இருக்கு. அதான் குடிக்கல.”

“இத நேத்தே சொல்றதுக்கு இன்னா சார்? எங்க மாமியாருக்கும் சுகர்தான். சக்கரை இல்லாம போட்டாறேன், உக்காருங்க.”

கொண்டுவந்தாள். கன்னியப்பன் கையை நீட்டினார். கை பாதியில் நின்றது. ஒரு கணம் கூட இருக்காது. பிறகு வாங்கி, கடைசிச் சொட்டுவரை குடித்தார். ஆனால் நேற்று டீயை வேண்டாமென்றதில் சர்க்கரைக்கு அவ்வளவு பங்கில்லை என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. எதிரில் நின்றவளுக்கும் தெரிந்தது. நாளெல்லாம் தோலில் தையல் விலகுகிறதா என்று பார்க்கிறவள் அவள்.

“நல்லா இருக்கா சார்?”

“இருக்கு.”

தோற்றார். காலனி ஓட்டில் பெரும்பகுதி எதிராளிக்குப் போயிருந்தது. அவருடைய தெருக்காரர்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து காலனிக்காரர்களை வைதார்கள்.

“அவங்க கையால டீ குடிச்சும் ஏமாத்திட்டாங்களே!”

“ஏமாத்தல” என்றார் கன்னியப்பன். “பாத்துதான் ஓட்டு போட்டிருக்காங்க.”

எதைப் பார்த்து என்று கேட்டார்கள். அவர் சொல்லவில்லை. தன்னைப் பற்றி அவர் வாய்விட்டு ஒப்புக்கொண்டது இவ்வளவுதான். அதிகம் என்று சொல்ல முடியாது. ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது.